கொல்லாத சுத்தம்

எங்கள் கரையோரத்தில் சுத்தம் என்ற சொல்லுக்கு ஒரு மணம் உண்டு. அந்த மணம் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருக்கிறது. என் மூத்தம்மாவின் காலத்துச் சுத்தம் அடுப்புச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் பழப்புளியும் மணத்தது. உம்மாவின் காலத்தில் அது சவர்க்கார மணமாயிற்று. இன்றைய சுத்தத்தின் மணம் மூக்கைச் சுள்ளென்று பிடித்து, கண்ணில் நீரை வரவழைக்கிறது. கண் எரிந்தால்தான் கழுவியதற்குச் சாட்சி என்ற எண்ணம் நம் எல்லோருக்குள்ளும் எப்படியோ குடியேறிவிட்டது. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார்கள் பாடசாலை வாசலில் நின்றபடியே, "என்ன சேர், இண்டைக்குக் கக்கூசு கழுவல்லியா? மணத்தையே காணல்லியே" என்று கேட்பார்கள்.

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு கிராமத்துப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்றவன். பாடசாலையின் சுகாதாரக் குழுவும் என் தலையில்தான் இருக்கிறது. அதை விரும்பி ஏற்பவர் எந்தப் பாடசாலையிலும் இல்லை. இலக்கியச் சஞ்சிகையில் மலசலகூடத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம்முடைய கவிதைகளில் நிலவும் கடலும் நெய்தலும் நிறைய வந்துவிட்டன. அவற்றுக்குப் பின்பக்கத்தில் ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழியைக் கழுவ ஒரு மனுஷி இருக்கிறாள். இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்தைப் பற்றியது.

குளோரீனைப் பழிப்பது என் நோக்கமல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது, இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் நிந்தவூரிலும் கடற்கரை வட்டைகள் மணலாகக் கிடந்தன. கிணறுகளுக்குள் உப்பும் சேறும், சொல்லக்கூடாத வேறு பலதும் கிடந்தன. அந்த நாட்களில் வெள்ளைத் தூளோடு வந்தவர்களை நாங்கள் மலக்குகளைப் போலப் பார்த்தோம். பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. அதற்குக் குளோரீனுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

அதே நாட்களில் நடந்த இன்னொன்றும் உண்டு. கிணறுகளின் உப்பைப் போக்குவதற்காக இயந்திரங்களைப் போட்டு மறுபடி மறுபடி இறைத்தார்கள். மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அப்படி இறைத்ததால் உப்பு பெரிதாகக் குறையவில்லை என்றும், அடுத்தடுத்து வந்த மழைகள்தான் நிலத்தைக் கழுவின என்றும் கண்டார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருக்கும் உவர்நீர் மேலே ஏறிவிடும் என்றும் எச்சரித்தார்கள். மணலுக்குள் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உப்பு நீரின் மேல் மிதக்கிறது. அந்தப் படை நம் அவசரத்துக்கு அசையாது. சுத்தம் செய்வதிலும் அளவு என்று ஒன்று இருக்கிறது என்பதை இந்தக் கரைக்கு அப்போதே ஒருமுறை சொல்லிவிட்டார்கள்.

2020இல் கொரோனா வந்தபோது மறுபடியும் தெளிப்பான்களைத் தூக்கினோம். தெருவுக்கும் மதிலுக்கும் மரத்துக்கும் கடைக்கதவுக்கும் தெளித்தோம். அந்த ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், தெருக்களுக்கு மருந்து தெளிப்பதைத் தான் பரிந்துரைக்கவில்லை என்றது. மண்ணும் குப்பையும் அந்த இரசாயனத்தைச் செயலிழக்கச் செய்துவிடும், தெளிப்பவருக்கும் தீங்கு வரலாம் என்பது அதன் விளக்கம். ஆனால் அச்சம் ஒரு மணத்தைப் பழக்கிவிட்டால் அறிக்கைகளால் அதை இலேசில் அகற்ற முடிவதில்லை. நோய் போயிற்று, போத்தல்கள் தங்கிவிட்டன.

எங்கள் பாடசாலையில் ஆறு மலசலகூடங்கள். அவற்றைக் கழுவ வரும் பெண்ணை நாங்கள் எல்லோரும் ராத்தா என்றே அழைக்கிறோம். கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர். ஒருநாள் இடைவேளைக்குச் சற்று முன்னர் அவர் இருமிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் குந்திவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நெஞ்ச அடைச்ச மாதிரிக் கிடக்கு சேர். ரெண்டையும் சேத்து ஊத்தினாத்தான் கறை போகும் எண்டு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு போத்தல் அசிட், பக்கத்தில் ஒரு வாளியில் வெளுக்கும் திரவம். இரண்டும் கலந்தால் குளோரீன் வாயு வெளிவரும். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜேர்மன் படை எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். உலக யுத்தத்தில் ஆயுதமாக இருந்ததை நம் ஊர்ப் பெண்கள் கதவு சாத்திய நாலடி அறைக்குள் நின்று சுவாசிக்கிறார்கள். அதைச் செய்யாவிட்டால் "மணமே இல்லையே" என்ற பேச்சையும் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தாம். ராத்தா அன்று சுகமாகிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவருடைய கைகளை நான் அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். விரலிடுக்குகளில் தோல் வெளிறி, வெடித்து, பழைய காகிதம் போல இருந்தது.

அன்றிலிருந்துதான் எனக்கு இந்தத் தேடல் தொற்றியது. கொல்லாமல் சுத்தம் செய்ய முடியுமா?

முதலில் எங்கள் நிலத்தைச் சொல்ல வேண்டும். கல்முனைக் கரையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். வளவுகள் சிறியவை, வீடுகள் நெருக்கமானவை. ஒரு வீட்டின் கிணறும் அடுத்த வீட்டின் மலக்குழியும் ஒரே மதிலின் இரண்டு பக்கங்களில் இருக்கும். அந்தக் குழியை நாம் வெறும் கிடங்காக நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு தொழிற்சாலை. ஒட்சிசன் இல்லாத அந்த இருட்டில் கோடானுகோடி பற்றீரியாக்கள் கழிவை உடைத்து, மெதேனும் காபனீரொட்சைட்டுமாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. சம்பளம் இல்லை, லீவு இல்லை. ஒரு மூடி அசிட் விழுந்தால் அவை அழிந்துவிடா. தண்ணீரில் அது கரைந்துபோகும். ஆனால் நாள்தோறும் போத்தல் கணக்கில் சிறிய குழியொன்றுக்குள் அசிட்டையும் குளோரீனையும் ஊற்றினால் தொழிற்சாலை நின்றுவிடுகிறது. கழிவு உடையாமல் சேறாகப் படிகிறது. குழி வேளைக்கே நிரம்புகிறது, கலி பவுசருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. உடையாத கழிவின் நீர் மணலுக்குள் இறங்கிக் கிணற்றைத் தேடிப் போகிறது. மேலே பளபளப்பு, கீழே அசுத்தம்.

இதை நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு போத்தலைக் கொண்டுவந்து தந்தார். கபில நிறத் திரவம். மூடியைத் திறந்தால் புளித்த பாகு மணம். "இது ஈ.எம். மச்சான். வயலுக்கும் அடிக்கலாம், மாட்டுக்கும் குடுக்கலாம், கக்கூசுக்கும் ஊத்தலாம்" என்றார். இத்தனைக்கும் ஒரே மருந்து என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். ஆகவே படிக்கத் தொடங்கினேன்.

ஒக்கினாவாவிலுள்ள ரியூக்கியூ பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த தெருவோ ஹிகா 1980களின் தொடக்கத்தில் இந்தக் கலவையை அறிமுகப்படுத்தினார். அதில் முக்கியமாக மூன்று கூட்டத்தார் இருக்கிறார்கள். தயிரைப் புளிக்க வைக்கும் இலற்றிக் அமில பற்றீரியாக்கள் ஒரு கூட்டம். பாணைப் பொங்க வைக்கும் மதுவங்கள் இன்னொன்று. மூன்றாவது, ஒளியைக் கொண்டு வாழும் பற்றீரியாக்கள். நூறு பங்கில் ஐந்து பங்கு இந்தத் திரவம், ஐந்து பங்கு கரும்புப் பாகு, மிகுதி தண்ணீர் என்று கலந்து மூடி வைத்தால் சில நாட்களில் அது பெருகிவிடும். நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பேராசிரியர் சங்கக்கார 1990களிலேயே இதைப் பயிர்களில் பரிசோதித்து எழுதியிருக்கிறார்.

தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழும் பினாங்கிலோ இது ஒரு விழாவாகவே நடந்தது. 2009 ஆகஸ்ட் 8ஆம் திகதி, ஈ.எம். கலந்து பிடித்த மண் உருண்டைகளைப் பத்து இலட்சத்துக்கும் அதிகமாக அங்குள்ள மக்கள் கூடி நின்று கடலிலும் ஆறுகளிலும் எறிந்தார்கள். அழுக்காக்கிய நீரிடம் மன்னிப்புக் கேட்பது போன்ற ஒரு காட்சி. மனத்தைத் தொடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் விஞ்ஞான ஆசிரியனுக்கு மனம் தொடப்படுவது மட்டும் போதாது. 2011இல் தாய்லாந்தைப் பெருவெள்ளம் மூடியபோது அங்கும் இத்தகைய உருண்டைகளை எறிந்தார்கள். அந்நாட்டு விஞ்ஞானிகள் சிலர் அதன் பயனைப் பகிரங்கமாகவே கேள்விக்குள்ளாக்கினார்கள். சுவிற்சர்லாந்தில் நான்கு ஆண்டுகள் வயலில் பரிசோதித்தவர்கள் 2010இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். உயிருள்ள ஈ.எம்.முக்கும், சூடாக்கி உயிர் போக்கிய ஈ.எம்.முக்கும் அவர்கள் வேறுபாடு காணவில்லை. கிடைத்த சிறு பலனும் நுண்ணங்கிகளால் அல்ல, அவை ஊறியிருந்த சத்துப்பொருளால் என்றார்கள்.

அப்படியானால் எல்லாம் பொய்யா? இல்லை. பொதுவாகப் பேசினால் பொய், குறிப்பாகக் கேட்டால் பதில் கிடைக்கிறது. எந்த நுண்ணங்கி, எந்த இடத்தில், எந்த அழுக்கில், எதற்காக என்று கேட்க வேண்டும்.

இத்தாலியில் பெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத்தா கசெல்லியும் அவருடைய குழுவினரும் வைத்தியசாலைத் தரைகளில் அப்படிக் கேட்டார்கள். வழமையான கிருமிநாசினியை நிறுத்திவிட்டு, பசிலஸ் என்ற இனத்துப் பற்றீரியாக்களின் வித்திகள் கலந்த சவர்க்கார நீரால் விடுதிகளைக் கழுவச் செய்தார்கள். பசிலஸ் மண்ணிலே வாழ்வது. காய்ச்சலும் வரட்சியும் வந்தால் வித்தியாகச் சுருண்டு காத்திருக்கும், ஈரம் கண்டால் முளைக்கும். 2018இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, வைத்தியசாலைக்கு வந்த இடத்தில் புதிதாகத் தொற்றிக்கொள்ளும் நோய்கள் நூற்றுக்கு 4.8இலிருந்து 2.3ஆகக் குறைந்திருந்தன. தரையிலிருந்த தீய கிருமிகளும் பெருமளவு குறைந்திருந்தன.

இது எப்படி நடக்கிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸைச் சொன்னேன். கல்முனையில் நல்ல மனிதர்கள் ஏறி எல்லா ஆசனங்களிலும் இருந்துவிட்டால், காரைதீவுச் சந்தியில் ஏறுகிற ஜேப்படித் திருடனுக்கு இருக்க இடமில்லை. அவனை யாரும் அடிக்கவில்லை. ஆனால் அவன் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடுகிறான். கிருமிநாசினி என்பது பஸ்ஸில் இருந்த எல்லோரையும் இறக்கிவிடுவது. பஸ் அரை மணித்தியாலம் வெறுமையாக இருக்கும். பிறகு முதலில் பாய்ந்து ஏறுகிறவர் யார் என்பது நம் கையில் இல்லை. இதற்கு மேல், பசிலஸ் இன்னொரு வேலையும் செய்கிறது. கொழுப்பையும் புரதத்தையும் மாப்பொருளையும் உடைக்கும் நொதியங்களை அது சுரக்கிறது. அழுக்கென்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றும்தான். துர்நாற்றம் என்பதும் அந்த அழுக்கைத் தின்னும் வேறு நுண்ணங்கிகளின் மூச்சுத்தான்.

இங்கேயும் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. பேர்லினின் சரிட்டே வைத்தியசாலையில் சவர்க்காரம், கிருமிநாசினி, நல்ல பற்றீரியா என்ற மூன்றையும் தீவிர சிகிச்சை அல்லாத விடுதிகளில் மாறி மாறிப் பயன்படுத்தி ஒப்பிட்டார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வில் மூன்றுக்குமிடையில் நோய்த் தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பற்றீரியா விற்பவருக்கு இது கசப்பான செய்தி. ஆனால் இதை மற்றப் பக்கத்திலிருந்தும் வாசிக்கலாம். அன்றாடத் தரையைக் கழுவுவதற்கு, அத்தனை விலை கொடுத்து வாங்கும் கிருமிநாசினி, சாதாரண சவர்க்காரத்தை விட மேலாக எதையும் செய்துவிடவில்லை. அப்படியென்றால் ராத்தாவின் நுரையீரலும் கைத்தோலும் எதற்காகச் செலவாகின்றன?

என்னை உலுக்கிய கேள்வி இதுதான். நல்ல நுண்ணங்கிகளைத் தேடிப் போனவன், கெட்ட பழக்கமொன்றைக் கண்டுகொண்டேன்.

பாடசாலையில் சிறிய அளவில் செய்து பார்த்தோம். தாய்லாந்தின் ரொசுகோன் பூம்பன்வொங் என்ற அம்மையார் பரப்பிய முறை ஒன்று ஆசிய நாடுகளில் பலருக்கும் தெரியும்: ஒரு பங்கு சர்க்கரை அல்லது பாகு, மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் மூடி வைக்க வேண்டும். சந்தைக்குப் பக்கத்துப் பழச்சாற்றுக் கடைகளிலிருந்து தோடம்பழத் தோலும் அன்னாசித் தோலும் வீட்டுக்கு வீடு தேசிக்காய்த் தோலும் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் போத்தல் கூடாது, பிளாஸ்ரிக் வாளிதான் பாவிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். முதல் மாதத்தில் நாள்தோறும் மூடியைச் சற்றுத் திறந்து வாயுவை விட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வேடிக்கை. நொதித்தல் என்ற பாடம் அந்த ஆண்டு ஒருவருக்கும் மறக்கவில்லை.

பாடசாலையில் இஸ்லாம் படிப்பிக்கும் மௌலவிதான் முதலில் நியாயமான கேள்வியைக் கேட்டார்.

"மாஸ்டர், சீனியும் பழமும் புளிச்சா மதுவல்லவா? அதை ஊற்றிப் போட்டு அந்த இடத்தில் வுழூச் செய்யலாமா?"

நொதித்தலில் முதலில் அற்ககோல் தோன்றுவதும், காற்றுப் பட்டுப் பிறகு அது அசற்றிக் அமிலமாக, அதாவது வினாகிரியாக மாறுவதும் உண்மைதான் என்றேன். வினாகிரியைப் பற்றிப் பிக்ஹு நூல்களில் இருக்கும் நுணுக்கமான பேச்சை அவர் விளக்கினார். நாங்கள் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இந்தத் திரவம் மலசலகூடத்துக்கு மட்டும். நன்றாகப் புளித்து வினாகிரி மணம் வந்த பிறகே எடுப்பது. கழுவிய பின் தண்ணீரால் அலசுவது. வுழூச் செய்யும் ஹவுழுக்குத் தூரிகையும் தண்ணீரும் போதும், பாசி பிடித்தால் வெயிலும் உதவும். நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஒரு தடவை மண்ணால் கழுவச் சொன்ன மார்க்கம் நம்முடையது என்று அவர் நினைவூட்டினார். அதையும் பசிலஸையும் முடிச்சுப் போட்டு ஓர் அற்புதக் கட்டுரை எழுத எனக்கு ஆசை வந்தது, எழுதவில்லை. வணக்கத்துக்கான காரணத்தை ஆய்வுகூடத்தில் தேடினால், நாளைக்கு ஆய்வு மாறும்போது வணக்கமும் ஆட்டங்காணும். மண்ணை அழுக்கென்று நினைக்காத ஒரு மரபில் வந்தவர்கள் நாம் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

விளைவைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். மூன்று கூடங்களில் பழத்தோல் திரவமும் சவர்க்காரமும். மற்ற மூன்றில் சவர்க்காரமும் தண்ணீரும் மட்டும். அசிட்டை ஆறிலும் நிறுத்தினோம். பழைய மஞ்சள் கறை போகவில்லை. அது உப்புப் படிவு. அதற்கு உரஞ்சுதல்தான் மருந்து. துர்நாற்றம் ஆறிலும் குறைந்தது, திரவம் ஊற்றிய மூன்றில் சற்றுக் கூடுதலாக. இது ஆய்வல்ல, ஒரு வாத்தியாரின் மூக்கு. அந்தத் திரவத்தில் வேலை செய்வது உயிருள்ள நுண்ணங்கிகளா, அவை விட்டுச் சென்ற அமிலமா என்று கேட்டால், பெரும் பங்கு அமிலம்தான் என்பேன். ஆனால் அது மெல்லிய அமிலம். ராத்தாவின் கையைத் தின்னவில்லை.

பஸாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவருக்கு வேறு தலையிடி. புரியாணிச் சட்டியும் இறைச்சிக் கோப்பையும் கழுவிய நீர் வடிகானுக்குள் போய்க் கொழுப்பாக உறைந்துவிடும். கொதிநீரும் கோஸ்ரிக் சோடாவும் ஊற்றுவார். கொழுப்பு உருகி, நாலு கடை தள்ளிப் போய் மறுபடி உறையும். அங்கே சண்டை தொடங்கும். கொழுப்பை உடைக்கும் பற்றீரியாத் தூள் இப்போது விற்பனைக்கு வருகிறது. அது தகுந்த பொறிக்குழியில், போதிய நேரம் கிடைத்தால் வேலை செய்யும். குழியே இல்லாமல் ஓடும் கானுக்குள் போட்டால் பற்றீரியாவும் கொழுப்போடு சேர்ந்து அடுத்த கடைக்குப் போய்விடும். "மச்சான், முதல்ல கோப்பையைக் கடதாசியால துடைச்சிட்டுக் கழுவச் சொல்லுங்க, பிறகு கொழுப்புப் பிடிக்க ஒரு குழி கட்டுங்க, தூள் அதுக்குப் பிறகு" என்றேன். துடைப்பது வந்துவிட்டது. குழி இன்னும் வரவில்லை.

நுண்ணங்கி வேலைக்காரன், மந்திரவாதியல்ல. இதற்கு இராமேஸ்வரம் நல்ல சாட்சி. 2016 ஜூலையில் இராமேஸ்வரம் – மானாமதுரைக்கு இடையிலான 114 கிலோமீற்றர் பாதை, இந்தியாவின் முதலாவது பசுமை ரயில் பாதையாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதையில் ஓடும் ரயில் பெட்டிகளின் கழிவு தண்டவாளத்தில் விழாமல், பற்றீரியாக்கள் இருக்கும் தொட்டிக்குள் விழுந்தது. தண்டவாளத்தைக் கையால் கூட்டிய மனிதர்களை நினைத்தால் அது சிறிய விடயமல்ல. ஆனால் அடுத்த ஆண்டே சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், இந்தத் தொட்டிகளில் கழிவு ஒழுங்காக உடைவதில்லை, இவை சாதாரண மலக்குழியை விட மேலானவை அல்ல என்றார்கள். போத்தலும் துணியும் போட்டு அடைக்கும் பயணிகளையும் பற்றீரியா திருத்தாது.

எங்களுக்குக் கிட்டவே பள்ளக்காடு இருக்கிறது. 2022 தொடக்கத்தில் அந்தப் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று எட்டு ஆண்டுகளில் இருபது யானைகள் வரை இறந்துவிட்டதாகச் செய்தி. தோடம்பழத் தோலை மூன்று மாதத்தில் கரைக்கிற நுண்ணங்கி, ஷொப்பிங் பேக்கின் முன்னால் கைகட்டி நிற்கிறது. அது சமைத்தறியாத சாப்பாடு. நாம் வேறாக்காத குப்பையை யானையும் வேறாக்காது, பற்றீரியாவும் வேறாக்காது.

கடலையும் சொல்ல வேண்டும். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, எங்கள் மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்குக் கிழக்கே நடுக்கடலில் நியூ டயமண்ட் என்ற கப்பல் எரிந்தது. ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெய் அதனுள் இருந்தது. கரையில் நின்ற மீனவர்கள் துஆக் கேட்டார்கள். மசகெண்ணெய் கடலில் கொட்டவில்லை. கப்பலின் எரிபொருள்தான் படலமாக மிதந்தது. அப்படி மிதக்கும் எண்ணெயைத் தின்பதற்கென்றே கடலில் ஒரு பற்றீரியா இனம் இருக்கிறது. 1998இல் அதற்கு அல்கனிவொராக்ஸ் என்று பெயரிட்டார்கள். பெயர் வைக்கும் முன்பிருந்தே அது தன் வேலையைச் செய்து வந்தது. ஆனால் அதற்குக் காலம் வேண்டும். கொட்டியதெல்லாம் நாளைக் காலைக்குள் தீர வேண்டுமென்றால் அதனால் முடியாது.

ஓர் எச்சரிக்கையை எழுதாமல் முடிக்கக்கூடாது. வாந்தி, இரத்தம், வயிற்றுப்போக்கு, நோயாளியின் அறை என்று வந்தால் புளித்த தண்ணீரை நம்பாதீர்கள். அங்கே குளோரீன்தான் வேண்டும். தனியாக, அளவாக, கையுறையோடு, கதவைத் திறந்து வைத்து. மருந்து மருந்தாக இருக்க வேண்டும். அதை அன்றாடச் சோறாக்கியதுதான் வினை.

பாடசாலை அபிவிருத்திக் குழுவின் கடைசிக் கூட்டத்தில் நான் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தேன். அசிட் வாங்கிய காசில் இனிச் சவர்க்காரம், நல்ல தூரிகை, முழங்கை வரை வரும் கையுறை, இறப்பர்ச் சப்பாத்து. மலக்குழியின் நிலையைத் தவணைக்கு ஒருமுறை பார்ப்பது. ராத்தாவின் கொடுப்பனவை உயர்த்துவது. முதல் இரண்டும் நிறைவேறின. மூன்றாவதற்குக் காசில்லை என்றார்கள். நுண்ணங்கிகளுக்குச் சம்பளம் தேவையில்லை என்று சொன்னவன் நான்தான். அதைக் கேட்டுவிட்டு ஓர் உறுப்பினர், "அப்ப அதுகள் எல்லாத்தையும் செய்யும்தானே சேர்" என்றார்.

செய்யாது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எவ்வளவு உழைத்தாலும் தூரிகையைப் பிடிப்பது ஒரு கை. அந்தக் கைக்குரியதை அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.